கதவுக்குக் கீழே வெளிச்சம்

அக்டோபர் 3, வியாழன்

பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெனிட்டா இந்த நோட்டைக் கொடுத்து, தினமும் எழுதுங்கம்மா என்றாள். வீட்டுக்காரர் என்ன சாப்பிட்டார், எவ்வளவு நேரம் தூங்கினார், என்ன வார்த்தை சொன்னார். வாரம் ஒருமுறை வாங்கிப் பார்ப்பாளாம். முப்பத்தொரு வருஷம் தபால் ஆபீஸில் அடுத்தவர் எழுதியதையே கையில் எடுத்தவள் நான். எனக்கு எழுத வராது என்றேன். "பால் கணக்கு எழுதுற மாதிரி எழுதுங்க, போதும்" என்றாள்.

காலையில் இரண்டு இட்லி. மதியம் குழைத்த ரசம் சாதம். மூன்று மணிவரை தூக்கம். வார்த்தை: ஒன்று. "சரி."

நாற்பத்தொரு நாளாக அந்த ஒன்றுதான். தண்ணீர் வேண்டுமென்றாலும் சரி, கால் வலித்தாலும் சரி, டிவியை நிறுத்தச் சொல்வதற்கும் சரி. சிலருக்கு இப்படி ஒரே வார்த்தை மட்டும் தங்கிவிடும் என்கிறாள் பெனிட்டா. சொல்வது எல்லாம் உள்ளே இருக்குமாம், வெளியே வருவது இது ஒன்றாம்.

அவள் கேட்டதற்காக: பெயர் கருணாகரன். வயது அறுபத்திரண்டு. பொதுப்பணித் துறையில் பிளான் வரைகிற டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை, காலை எட்டரைக்கு மேல் பக்கவாதம். பதினொன்றரைக்கு ஆஸ்பத்திரி. ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசி போட்டார்கள். அதற்குப் பிறகு மூளைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது. வலது கை, வலது கால், பேச்சு.

அக்டோபர் 5, சனி

ரவை உப்புமா. துப்பிவிட்டார். வார்த்தை: சரி.

அக்டோபர் 8, செவ்வாய்

இவர் வாட்டர் கலர் வரைவார் என்று பெனிட்டாவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். உடனே பிடித்துக்கொண்டாள். "இடது கையால வரையட்டும்மா. பேச முடியாதவங்களுக்கு மனசுல இருக்கிறதை வெளியில கொண்டுவர ஒரு வழி வேணும். கோபமோ அழுகையோ, கலர்ல வரட்டும்."

அவளுக்குத் தெரியாது, இவருக்கு எப்போதுமே அப்படித்தான். எனக்குக் கோபம் வந்தால் சமையல்கட்டில் பாத்திரம் சத்தம் போடும். இவருக்குக் கோபம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை படத்தில் வானம் கறுத்துவிடும். அம்மா மண்டபத்துப் படித்துறையில் உட்கார்ந்து அதே காவிரியை இருபது வருஷமாக வரைந்தார். அந்த வாரம் நான் பேசியது அவரைச் சுட்டதா இல்லையா என்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். வாயைத் திறந்து ஒருநாளும் சொன்னதில்லை.

சாமான்கள் எல்லாம் பின்னறையில் இருக்கின்றன. அவர் வரைகிற அறை, கொஞ்ச வருஷமாகப் படுக்கிற அறையும் அதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் கட்டிலை முன்ஹாலில் போட்டுவிட்டோம். பின்னறையை நான் திறக்கவில்லை. பெனிட்டாவையே போய் எடுத்துவரச் சொன்னேன். தரையில் கண்ணாடிச் சில்லு கிடக்கிறதே அம்மா, பார்த்து நடங்க என்றாள்.

அக்டோபர் 12, சனி

நான்கு நாளில் ஆறு படம். படம் என்று சொல்வதற்கில்லை. பேப்பரை நனைத்து வைக்கிறேன். பிரஷ்ஷைக் கையில் கொடுக்கிறேன். கை நடுங்கிக்கொண்டே சாம்பல் நிறத்தை இழுக்கிறார். அது தன்பாட்டுக்குப் பரவி ஓடுகிறது. முகத்தில் வியர்வை.

இன்று சொட்டு விழுந்து ஒரு ஓரம் கெட்டுவிட்டது. பேப்பரைத் தள்ளிவிட்டு அழுதார். எனக்குத் தாங்கவில்லை. அவர் தூங்கியபின் அவருடைய பழைய குறிப்பு நோட்டைப் புரட்டினேன். பொடிப்பொடியான டிராஃப்ட்ஸ்மேன் எழுத்து. "ஈரம் இருக்கும்போது டிஷ்யூவால் ஒற்று. தேய்க்காதே. காய்ந்துவிட்டால் சுத்தமான ஈர பிரஷ்ஷால் நனைத்து, அரை நிமிஷம் பொறுத்து, ஒற்றி எடு. காயவிடு. மறுபடி. வெள்ளை என்று தனியாக ஒன்று இல்லை, பேப்பர்தான் வெள்ளை. பிரஷ்யன் நீலம் முழுசாகப் போகாது, கறை பிடிக்கும்."

அப்படியே செய்து பார்த்தேன். நான்கு முறை ஒற்றியபின் சொட்டு இருந்த இடமே தெரியவில்லை. என் கை இவ்வளவு பக்குவமானது என்று எனக்கே தெரியாது.

அக்டோபர் 15, செவ்வாய்

பெங்களூரிலிருந்து ஹேமா போன். ஒரே மகள். படங்களை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தேன். "அப்பா இடது கையாலயா இப்படி வரைஞ்சார்? கோடெல்லாம் எவ்வளவு நேரா வந்திருக்கு. அம்மா, அப்பா தேறிடுவார்ம்மா" என்று அழுதாள். கோணல் கோடுகளை மதியம் நான் உட்கார்ந்து ஒற்றி நேராக்கினேன் என்று சொல்லவில்லை. சந்தோஷப்படட்டும்.

அக்டோபர் 17, வியாழன்

இன்று முதல்முறையாக ஏதோ ஒன்று தெரிகிறமாதிரி வரைந்தார். பேப்பர் முழுக்க பிரஷ்யன் நீலம், கறுப்பாகும்வரை. நடுவில் நெட்டையாக ஒரு கட்டம். அதன் அடியில் மட்டும் ஒரு கீற்று வெள்ளையாக விட்டிருந்தார். மூடின கதவு, கீழே இடுக்கில் வெளிச்சம் என்று ஹேமா வாட்ஸப்பில் பார்த்த உடனே சொல்லிவிட்டாள். இடது பக்கம் கட்டில் காலாம். "யாரோ தரையில படுத்துப் பார்க்கிற மாதிரி இருக்கும்மா."

அந்த வெள்ளைக் கீற்றில் இரண்டு சொட்டு விழுந்திருந்தது, பக்கத்தில் பக்கத்தில். அவளுக்கு அனுப்பும் முன்பே எடுத்துவிட்டேன்.

அக்டோபர் 19, சனி

கதவுப் படத்தைக் காட்டு என்று கையை நீட்டினார். கொடுத்தேன். ரொம்ப நேரம் அந்த வெள்ளைக் கீற்றையே பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரி" என்றார். கேட்டுப் பழகிய சரி இல்லை. பிறகு பிரஷ்ஷை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, அதே இடத்தில் அதே இரண்டு சொட்டை வைத்தார்.

காலையில் பொங்கல். மதியம் கீரை. மலச்சிக்கல் இல்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

மறுபடியும் எடுத்தேன். மறுபடியும் வைத்தார். இன்று ஸ்பாஞ்சால் கொஞ்சம் அழுத்திவிட்டேன். பேப்பரின் மேல்தோல் பஞ்சுபோல எழும்பிவிட்டது. லேசாக நீலம் நிற்கிறது.

"இந்தப் படம் போதுங்க. காவிரியை வரைங்களேன்" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்டோபர் 24, வியாழன்

ஹேமாவுக்கு அந்தப் படம் வேண்டுமாம். அவர் தூங்கும்போது இரண்டு அடையாளத்தையும் கடைசியாக ஒருமுறை ஒற்றி எடுத்துவிட்டு கூரியரில் அனுப்பிவிட்டேன். வீட்டில் இல்லாவிட்டால் மறந்துவிடுவார்.

பெனிட்டா இன்று நோட்டைப் படித்தாள். "அவர் திரும்பத் திரும்ப ஒரே இடத்துல வைக்கிறார்னா அது சொட்டு இல்லைம்மா. ஏதோ சொல்றார். நீங்க அழிக்காதீங்க" என்றாள். சரி என்றேன்.

அக்டோபர் 26, சனி

இது வேறு நோட்டு. நானே கடையில் வாங்கியது. பெனிட்டாவுக்கு அந்த நோட்டு, எனக்கு இது.

வாங்கிவிட்டேனே தவிர, எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

காலையில் ஹேமா வந்தாள். வெந்நீரில் அப்பாவைக் குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, நாற்காலியில் உட்கார வைத்தாள். பிறகு பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்தாள். கண்ணாடி போட்டு, தேக்குச் சட்டம் மாட்டி, பளபளவென்று.

"பாருங்கப்பா. ஹால்ல மாட்டலாம்."

அவர் பார்த்தார். முகம் சிவந்துபோய், "சரி, சரி, சரி" என்று கத்திக்கொண்டே இடது கையால் தட்டிவிட்டார். கண்ணாடி உடைந்தது. ஹேமா பயந்து, "கை கிழிஞ்சிடும்ப்பா, விடுங்க" என்று படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் என்னைப் பார்த்து பிரஷ்ஷுக்குக் கை நீட்டினார். நான் அசையவில்லை. ஹேமாவே எடுத்துக் கொடுத்தாள், தண்ணீரும் நீலமும் வைத்தாள்.

அவள் கண்ணெதிரில் அந்த இரண்டையும் வைத்தார். ஒன்று, பக்கத்தில் இன்னொன்று. பேப்பர் எழும்பியிருந்ததால் நீலம் கண்டபடி ஊறியது. ஆனாலும் தெரிந்தது.

"காலாப்பா? கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நிக்கிறாங்களா?"

"சரி."

"யாரு?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஹேமாவும் பார்த்தாள்.

"எனக்கென்ன தெரியும்" என்றேன். அடுப்பில் வடை கருகும் என்று உள்ளே போனேன். அடுப்பை அப்போது நான் பற்றவைக்கவேயில்லை.

நவம்பர் 2, சனி

ஹேமா நேற்று ஊருக்குப் போனாள். போகும்போது என்னோடு சரியாகப் பேசவில்லை. எதையோ யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 23 முசிறியில் என் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம். என் பக்கத்து விசேஷம் எது வந்தாலும் இவருக்கு உடம்புக்கு முடியாமல் போகும். என் தங்கை கல்யாணத்துக்கு நெஞ்சுவலி. அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குக் காய்ச்சல். அம்மா செத்த பதினாறாம் நாள் தலைசுற்றல். ஒவ்வொரு தடவையும் நான் பாதியில் திரும்பி வந்தேன், அல்லது போகவேயில்லை. முப்பத்திமூன்று வருஷம். இந்தத் தடவை என்ன ஆனாலும் போவேன் என்று முதல்நாளே சண்டை போட்டேன். அவர் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

காலையில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, நடையில் விளக்கைப் போட்டு, செருப்பை மாட்டப் போனேன். பின்னறையில் கண்ணாடி உடைகிற சத்தம். பிறகு பொத்தென்று. பிறகு ஒரு குரல், "சு... சு..." என்று. என் பெயர் சுகந்தி. கதவுவரைக்கும் போனேன். கதவு முன்னால் நின்றேன். உள்ளே தரையில் கை தட்டுகிற சத்தம் கேட்டது.

"உங்க நாடகத்தை வந்து பாத்துக்கிறேன்" என்றேன். போய்விட்டேன். அப்போது மணி ஐந்தே முக்கால்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியெல்லாம் மனசு லேசாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். தம்பி வீட்டில் இரண்டு தடவை கேசரி வாங்கிச் சாப்பிட்டேன்.

பதினொரு மணிக்கு வந்து கதவைத் திறந்தேன்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒரு நர்ஸ், "கடைசியா எப்ப நல்லா இருந்தார்?" என்று கேட்டாள். "எட்டரைக்குக் காபி குடிச்சாரே" என்றேன். ஏன் அப்படி வந்தது என்று தெரியவில்லை. பட்டுப்புடவையோடு நின்றது வெட்கமாக இருந்தது. அதன்பிறகு டாக்டர் வந்தார். நாலரை மணி நேரத்துக்குள் என்றால்தான் அந்த ஊசி, அதைத் தாண்டினால் போடக்கூடாது, ரத்தம் கசிகிற ஆபத்து கூடும், எட்டரை நிச்சயம்தானே அம்மா என்று பொறுமையாகக் கேட்டார். அந்த ஒரு நிமிஷம் எனக்கு இருந்தது. மாற்றிச் சொல்லியிருக்கலாம். ஊசி போட்டால் எழுந்துவிடுவார் என்று நினைத்தேனா, நான் போனது யாருக்கும் தெரியக்கூடாது என்று நினைத்தேனா. "நிச்சயம் டாக்டர்" என்றேன்.

அவர் என் கால்களைத்தான் பார்த்திருக்கிறார். வந்து நின்றதையும், திரும்பிப் போனதையும்.

நவம்பர் 4, திங்கள்

இன்று காலை காபி கொடுத்தபின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதவு முன்னால் நின்றதை. கேட்டும் போனதை. எட்டரை என்று சொன்னதை, ஊசி விஷயத்தை. ஊசி விஷயம் அவருக்கு இதுவரை தெரிந்திருக்க வழியில்லை. முகம் பார்த்துச் சொன்னேன். குரல் நடுங்கவில்லை, அதுதான் ஆச்சரியம்.

அவர் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதாவது சொல்லுங்க" என்றேன். சொன்னபிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது.

"சரி" என்றார்.

அவரிடம் இருப்பது அது ஒன்றுதான். போகட்டும் என்று சொன்னாரா, இப்போதுதான் புரிகிறது என்றாரா, எழுந்து போ என்றாரா. முகத்தைப் படிக்கலாம் என்றால் பாதி முகம் அசைவதில்லை. ஏங்க, ஏங்க என்று கையைப் பிடித்தேன். செத்த கை. வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 7, வியாழன்

மூன்று நாளாக வரையவில்லை. பேப்பரை நனைத்து வைத்தால் அப்படியே காய்கிறது. கறுப்பு வானமாவது வரைந்தால் தெரிந்துகொள்வேன்.

நவம்பர் 9, சனி

ஹேமா சொல்லாமல் வந்து நின்றாள். "அம்மா, அந்தக் கால் உன்னோடதுதானே" என்றாள். பையைக்கூட இறக்கவில்லை.

சொன்னேன். ஆனால் முழுதாகச் சொல்லவில்லை. சத்தம் கேட்டது, நடிப்பு என்று நினைத்துப் போய்விட்டேன், அப்போது ஏழு மணி இருக்கும் என்றேன். ஏழு என்றால் பதினொன்றரைக்குச் சரியாக நாலரை மணி நேரம் வரும். அதைக் கணக்குப் போட்டுத்தான் சொன்னேனா என்று இந்த நோட்டில்கூட எழுதத் தெரியவில்லை.

"விழுந்து கிடந்த மனுஷனை நாலு மணி நேரம்... அம்மா, நீ கேசரி கொண்டுவந்து கொடுத்தியாமே எதிர்வீட்டு அக்காவுக்கு" என்றாள். அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

நவம்பர் 16, சனி

ஹேமாவும் மாப்பிள்ளையும் காரில் வந்தார்கள். பெங்களூரில் பெரிய டாக்டரிடம் காட்டப்போகிறார்களாம். "கொஞ்ச நாள் அங்க இருக்கட்டும்" என்றாள். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. என்னை வா என்று அவள் சொல்லவில்லை.

மாத்திரை எல்லாவற்றையும் காலை, மதியம், இரவு என்று பிரித்து, கவரில் எழுதிக் கொடுத்தேன். ரசத்தில் மிளகு குறைவாகப் போடச் சொன்னேன். இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைக்கச் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

கலர் பெட்டியையும் பிரஷ்களையும் ஹேமா பையில் வைத்தாள். அவர் இடது கையால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். "வேண்டாமாப்பா?" "சரி." மறுபடி உள்ளே வைத்தாள். மறுபடி எடுத்தார். விட்டுவிட்டாள்.

எனக்கென்று வைத்துவிட்டுப் போனாரா, இனி வரையப்போவதில்லை என்பதா, தெரியவில்லை. காரில் ஏற்றும்போது வேட்டியைச் சரிசெய்துவிட்டேன். முன்பக்கம் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

நவம்பர் 21, வியாழன்

கலர் பெட்டியைத் திறந்து ஒரு பேப்பரை நனைத்தேன். என்ன வரைவது என்று தெரியவில்லை. நீலத்தை வைத்தேன். ஓடியது. பிடிக்கவில்லை, ஒற்றி எடுத்தேன். மறுபடி வைத்தேன். மறுபடி எடுத்தேன். சாயங்காலத்துக்குள் பேப்பர் ஓட்டையாகிவிட்டது.

நேற்று மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

நவம்பர் 27, புதன்

பதினொரு மணிக்கு ஹேமா போன். ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். பின்னால் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மாமாகிட்ட கிரகப்பிரவேச வீடியோவை அனுப்பச் சொல்லி வாங்கினேன். அதுல ஓரத்துல டைம் ஓடுது. ஆறு அம்பதுக்கு நீ பசுமாட்டுக்குக் குங்குமம் வைக்கிற. ஏழு மணிக்கு வீட்டுல எப்படிம்மா இருந்திருப்ப?"

அடுப்பை அணைத்தேன்.

"டாக்டர் எதிர்ல இருக்கார். எப்ப ஆரம்பிச்சதுன்னு சரியான டைம் வேணுங்கறார். நீயே சொல்லு."

போன் கை மாறியது. வயசான குரல். "சொல்லுங்கம்மா" என்றார், தமிழிலேயே.

"ஐந்தே முக்கால்" என்றேன். "காலையில. நான் கேட்டேன். ஆஸ்பத்திரில மாத்திச் சொன்னேன்."

அவர் எழுதிக்கொண்டார். "ஊசியாலதானா டாக்டர்?" என்று கேட்டேன். "நேரத்துக்குள்ள போட்டாலும் சிலருக்குக் கசியும்மா. நேரம் கடந்தா இன்னும் கொஞ்சம் பேருக்கு. இவருக்கு எதனாலன்னு இனி யாராலும் சொல்ல முடியாது" என்றார். நன்றி சொன்னார். ஹேமா போனை வாங்கி வைத்துவிட்டாள்.

டிசம்பர் 1, ஞாயிறு

தண்ணீர் டேங்க் கழுவ ஆள் வந்தார்.

டிசம்பர் 6, வெள்ளி

ஒன்பது நாள் கழித்து ஹேமா கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது. அழுது முடித்தமாதிரி.

"அம்மா, அப்பாவுக்கு ரெண்டாவது வார்த்தை வந்திருக்கு."

போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். "என்ன வார்த்தை?"

"வேண்டாம்."

"எப்ப? எதுக்குச் சொன்னார்?"

"நேத்து சாயங்காலம். நான்தான் கேட்டேன். அம்மாகிட்ட பேசறீங்களாப்பா, போன் போட்டுத் தரட்டுமான்னு."

தெருவில் யாரோ காய்கறி வண்டியில் கூவிக்கொண்டு போனார்கள்.

"தெளிவாச் சொன்னாரா?" என்றேன்.

"தெளிவா சொன்னார்ம்மா. ரெண்டு தடவை."

போனை வைத்தபின் பெனிட்டாவைக் கூப்பிட்டு, புது வார்த்தை வந்திருக்கிறது என்று சொன்னேன். எந்த வார்த்தை என்றாள், சொன்னேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. ரொம்ப சந்தோஷப்பட்டாள். இனி ஒவ்வொன்றாக வரும் பாருங்கம்மா என்றாள்.